கொம்பு கேட்கும் தூரம்

ஆடி பாதியிலேயே கச்சான் காற்று உரத்துவிட்டது. நமுனுகுல மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் ஒரு சொட்டு ஈரம் மிஞ்சுவதில்லை. மரமில்லாத புல்மலைகளை அங்கே பத்தனை என்பார்கள். பத்தனையெல்லாம் வெளுத்துப்போய், தொட்டால் நொறுங்கும்படி நின்றது. கல்போக்குக் கடைவீதியில் ஹாஷிம் பிசைந்து வைத்த மாவின் மேல் போட்ட ஈரத் துணியை விடிவதற்குள் மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போதெல்லாம் அவருடைய மனைவி நளீரா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

கூரை மானாப்புல். அதன் கீழே போறணை. பாண் ரொட்டி சுடும் அந்தச் செங்கல் அடுப்பு ஏழு வருஷமாக ஒருநாளும் ஆறியதில்லை. பசறையிலிருந்து மலையேறி வரும் வண்டிப் பாதையில் இருபத்திரண்டு கடைகள். மேல் கோடியில் இந்தப் போறணை, கீழ்க் கோடியில் ஓடைக்கு மேலே கல்லால் கட்டிய ஒரு போக்கு. போக்கின் கைப்பிடிச் சுவரில் ஊரை நிர்வகிக்கும் சபைக்காரர்கள் ஓர் எல்லைக் கல் பதித்திருந்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் வருஷா வருஷம் கட்டிடத்துக்கான சோலைவரி கட்டினார்கள். அந்தப் பக்கம் மூங்கில்மலைத் தோட்டம். அங்கே வரியும் இல்லை, சபையும் இல்லை.

போன வருஷம், 1907இல், இதே காற்றுக் காலத்தில் அரை மணி நேரத்துக்குள் மூன்று கடைகள் எரிந்து சாம்பலாயின. பொறி போறணையிலிருந்துதான் பறந்தது என்று பாதிப் பேர் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேர் அதையே ஹாஷிம் இல்லாத இடத்தில் சொன்னார்கள். அதன் பிறகுதான் சோலைவரியில் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கி நெருப்பணைக்கும் பம்பு ஒன்று வாங்குவதென்று சபை தீர்மானித்தது. பங்கு போதவில்லை. மூங்கில்மலைத் துரை ஒரு வருஷத்துக்கு அதே அளவு போட ஒப்புக்கொண்டார். தோட்டத்து ஆட்கள் ஒற்றையறைக் காம்பராக்களில் குடியிருக்கும் நீள லயங்களில் நெருப்புப் பிடித்தால் பம்பு அங்கேயும் வர வேண்டும் என்பது பேச்சு. கொழும்பில் ஒரு பழைய கோப்பிக் கிடங்கில் கிடந்த கைப்பம்பு மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. சிவப்பு வர்ணம், நான்கு சக்கரம், பக்கத்துக்கு ஆறு பேர் நின்று ஏற்றி இறக்கும் நீளக் கைப்பிடிகள், தைத்து ஆணி தறைந்த தோல் குழாய். நளீராவின் தமையன் ஜுனைதீனுடைய பலசரக்குக் கடைக் கிடங்கில் அதை நிறுத்தினார்கள். ஜுனைதீன் பம்புக்குப் பொறுப்பாளர் ஆனார். அதற்குப் பிறகு அவர் தெருவில் நடந்த நடையே வேறு.

ஒப்பந்தம் ஜூலையோடு முடிந்தது. புதுப்பிக்கலாமா என்று பேசச் சந்தைக் கொட்டகையில் கூடிய அன்று, சபையிலிருந்து ஹாஷிமுக்கு ஒரு கடுதாசி வந்திருந்தது. ஆகஸ்டு மாதம் இரண்டாவது புதன்கிழமை சபையின் துரை நேரில் வருவார். பம்புத் தண்ணீர் போறணைக் கூரையின் உச்சியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒரு வாரத்துக்குள் போறணையை இடிக்க வேண்டும். அந்தக் கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஹாஷிம் கூட்டத்தில் எழுந்தார்.

"வரியும் நான் கட்டணும், போறணையும் நான் இடிக்கணும். பம்ப மட்டும் வரி கட்டாதவன் இழுத்துட்டுப் போவானா? போக்குக் கல்லத் தாண்டி அது போறதெண்டா என்ட முதுகுல ஏறித்தான் போகணும்."

கொட்டகை கைதட்டியது. அந்தப் பேச்சு மறுநாளே தோட்டத்துத் துரையின் காதுக்குப் போயிற்று. இரண்டாம் வருஷத்துக்கான பங்கு வரவில்லை.

*

புதனுக்கு முந்திய திங்கட்கிழமை காலை, ஒத்திகை பார்க்கலாம் என்று ஜுனைதீன் கிடங்கைத் திறந்தார். குழாயை வெளியே இழுத்து ரோட்டில் விரித்தார்கள். ஹாஷிம் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்தார். தோலுக்குள்ளிருந்து வெயில் புள்ளி புள்ளியாக அவர் முகத்தில் விழுந்தது.

"என்ன நானா இது?" என்று தமையனைக் கேட்டாள் நளீரா.

"எலி," என்றார் ஜுனைதீன்.

"எலியெண்டு தெரியுது. ஒங்கட கடையில பருப்பு ஈக்குது, கருவாடு ஈக்குது. அதையெல்லாம் வுட்டுட்டுத் தோலை என்னத்துக்குத் தின்னுது?"

ஜுனைதீன் தொண்டையைச் செருமினார். "தோல் காஞ்சா வெடிக்குமெண்டு எண்ணெய் போட்டேன். மாசம் ஒரு போத்தல். நல்ல தேங்காயெண்ணெய், என்ட சொந்தச் சரக்கு."

"பம்போட ஒரு டின் வந்திச்சே பூசுறதுக்கு?"

டின் அங்கேயே இருந்தது, மூடி திறக்காமல், ஒரு மூலையில் சிலந்தி வலைக்குப் பின்னால்.

"அதுல என்ன கொழுப்பெண்டு ஆருக்குத் தெரியும்? பண்டிக் கொழுப்பா ஈந்தா? நான் தொடவே இல்ல. தோட்டத்து ஆள் ரெண்டு பேரைக் கூப்பிட்டுப் பூசச் சொன்னேன். மாட்டுக் கொழுப்பா இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டுட்டு அவனுகளும் போயிட்டானுக."

"ஆக, எலிக்கு மாசம் ஒரு போத்தல் விருந்து," என்றாள் நளீரா.

எதிர்க்கடைத் துணி வியாபாரி வாஹித் சிரித்துவிட்டு, ஹாஷிமின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதுக் குழாய் கொழும்பிலிருந்து வர மூன்று வாரம். புதன்கிழமைக்கு இரண்டே நாள்.

ஹாஷிம் குழாயின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். நளீராதான் பேசினாள்.

"இஸ்டோருல ஈயம் பத்தவைக்கிற இராமையா ஈக்கிறானே. சம்பள நாளைக்கு நம்மட பாண் வாங்குவானே, அவன். போய்க் கேளுங்க."

"நான் போறதா? நான் பேசின பேச்சுக்கா?"

"பேசின வாய்தானே கேக்கணும். வேற வாய் ஈக்குதா?"

*

தேயிலை பதப்படுத்தும் ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். வறட்சியில் கொழுந்து குறைந்துபோய் ஸ்டோர் அரை நாள்தான் ஓடியது. பின்கட்டில் இராமையா தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே போடும் ஈயத் தகட்டை மடித்து, மூலைகளைச் சூட்டுக்கோலால் பத்தவைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். புருவத்தில் பாதி சூட்டில் பொசுங்கியிருந்தது. வாசலில் நின்ற ஹாஷிமைப் பார்த்ததும் கோலைக் கீழே வைத்தான்.

"வாங்க நானா. போக்குக் கல்லத் தாண்டி வந்திருக்கீங்க. முதுகு வலிக்கலீங்களே?"

"ஒனக்கும் வந்து சேந்துட்டுதா அந்தப் பேச்சு."

"அடுத்த நாள் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுலயே வந்துருச்சுங்க. முருகையாண்ணன் கொம்பு ஊதறதுக்கு முன்னாடி எங்களுக்கு அதத்தான் சொன்னாரு."

ஹாஷிம் கையோடு கழற்றிக் கொண்டுவந்த குழாய்த் துண்டை நீட்டினார். இராமையா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். விஷயத்தைக் கேட்டபோது அவன் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"தோலு மேல ஈயம் ஒட்டாதுங்க. சுத்தணும். மொதல்ல துணி, அதுக்கு மேல ஈயத்தகடு. தகட்டோட வாயை மட்டும் பத்தவச்சு, ரெண்டு பக்கமும் கம்பியால முறுக்கணும்."

"தாங்குமா?"

"லண்டனுக்குப் போற பொட்டிக்குள்ள காத்துப் போகாம அடைக்கிறோம். அதவுடவா தண்ணி பெருசு?"

"ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

இராமையா யோசித்தான். "பொஞ்சாதி பெத்து இருவது நாளாச்சு. பத்தியத்துக்கு மொறுமொறுன்னு காஞ்ச பாணு கேக்குறா. அது ஒரு கூடை குடுங்க. ஈயம் வெட்டுக் கழிவுதான், ஸ்டோரப் பாத்துக்கிற டீ மேக்கரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் வந்தான். சூட்டுக்கோல்களைப் போறணைக்குள்ளேயே செருகிக் காய்ச்சினான். நளீரா மாவுச் சாக்குகளைக் கிழித்துப் பட்டை பட்டையாக நீட்டினாள். பதினேழு இடத்தில் சுற்றி முடித்தபோது, குழாய் வெள்ளிக் காப்புப் போட்ட பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் இராமையா. "கைப்பிடிய ஒரே அளவா அடிக்கணும். ஒரே பக்கத்துல ஒருத்தர் அமுக்க ஒருத்தர் தூக்கன்னு இழுத்தீங்கன்னா தண்ணி குதிக்கும். குதிச்சா ஈயம் பிச்சுக்கும்."

ஒத்திகையில் நடந்தது அதுதான். பன்னிரண்டு கைப்பிடிக்கும் பன்னிரண்டு முதலாளிகள். ஜுனைதீன் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இரண்டில் அமுக்க வேண்டியவர்கள் ஒன்றிலேயே அமுக்கினார்கள். கடைக்கு ஆள் வந்ததென்று வாஹித் பாதியில் கைப்பிடியை விட்டுப் போனார். தண்ணீர் விக்கி விக்கிப் போய்க் கூரையின் விளிம்பை நனைத்துவிட்டு நின்றது.

"சீலை அளக்கிற கை," என்றார் ஜுனைதீன். "ஒரு முழம் தள்ளும், அர முழம் இழுக்கும்."

"நீங்க தராசு புடிக்கிற கையாக்கும்," என்றார் வாஹித். "அது ஒருநாளும் நேரா நின்டதில்லயே."

நளீரா அன்றைக்கு இருட்டிய பிறகும் தன் பங்கு மாவைப் பிசையப் போகவில்லை என்று ஹாஷிம் கவனித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய்ப் பிசைந்தாள்.

*

புதன்கிழமை இரண்டு மணிக்குச் சபைத் துரை குதிரையில் வந்தார். கூடவே மட்டக் குதிரையில் கிளாக்கர். மூன்றரைக்கு அவர்கள் திரும்பிவிட வேண்டும் என்று கிளாக்கர் முதலிலேயே சொல்லிவிட்டார். உறிஞ்சு குழாயை ஓடைத் தண்ணீர் தேங்கும் தொட்டியில் இறக்கினார்கள். ஜுனைதீன் பித்தளை முனையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படம் பிடிக்க நிற்பவர் மாதிரி நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் இராமையா.

கைப்பிடியில் முதல் கை வைத்தபோதுதான் கொம்பு கேட்டது.

பெரட்டுக்கு ஊதும் கொம்பு அது. விடியற்காலையில் மட்டும் கேட்கும் கொம்பு. பகல் இரண்டரை மணிக்கு அதை ஒருவரும் கேட்டதில்லை. நிறுத்தாமல் ஊதிற்று. எல்லாரும் திரும்பினார்கள். மூங்கில்மலை மேல் லயத்துக்குப் பின்னால் பத்தனை புகைந்துகொண்டிருந்தது. புகைக்கு அடியில் நெருப்பு ஒரு கோடாகக் கீழே இறங்கி வந்தது, காற்று முதுகில் தள்ள.

"மேல் லயம் மானாப்புல்லுங்க," என்றான் இராமையா. "எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டாங்க. எம்பொஞ்சாதி காம்பராவுல இருக்கா. தாய்மாரு வுட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவுல பதினஞ்சு புள்ளைங்க." அதற்கு மேல் அவன் நிற்கவில்லை. ஓடினான்.

சபைத் துரை கிளாக்கரிடம் ஏதோ சொன்னார். கிளாக்கர் சத்தமாகத் தமிழில் சொன்னார்: "பம்பை எல்லைக்கு வெளியே கொண்டுபோகச் சொல்ல துரைக்கு அதிகாரமில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வரி கட்டுபவர்கள் தீர்மானிக்க வேண்டும். பரீட்சை இன்றைக்கு நடக்காவிட்டால் நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்."

இருபத்திரண்டு கடைக்காரரும் ஹாஷிமைப் பார்த்தார்கள். கொட்டகையில் எழுந்து பேசியவர் அவர்; இன்றைக்குக் கூரையும் அவருடையது. ஹாஷிம் போறணையைப் பார்த்தார். புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னைய என்னத்துக்குப் பாக்குறீங்க," என்றாள் நளீரா. "கயித்தப் புடிங்க."

ஹாஷிம் ஓடிப்போய் உறிஞ்சு குழாயை உருவினார். "இழுங்கடா," என்றார். அவர் வாழ்நாளில் வாஹித்தை 'டா' போட்டது அன்றைக்குத்தான். வாஹித் அதைக் கவனிக்காமல் இழுத்தார்.

இறக்கத்தில் பம்பு அவர்களைத் துரத்தியது. போக்கின் மேல் திரும்பும் இடத்தில் இடது பின்சக்கரம் ரோட்டு விளிம்பைத் தாண்டி, எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் உடைந்திருந்த பள்ளத்தில் இறங்கிற்று. பத்துப் பேர் இழுத்தும் அசையவில்லை. நெம்ப ஒரு கட்டை இல்லை. ஹாஷிம் பள்ளத்துக்குள் குதித்து, குனிந்து, அச்சுக்கட்டைக்குக் கீழே முதுகைக் கொடுத்தார்.

"மச்சான், வேணாம், முறிஞ்சு போகும்," என்று கத்தினார் ஜுனைதீன்.

"நான் சொன்னதுதானே. இழுங்க."

ஏழு வருஷம் மாவு பிசைந்த உடம்பு. அச்சு ஓர் அங்குலம் ஏறியது, பிறகு இன்னொன்று. சட்டை கிழிந்தது. மூன்றாவது தம்மில் சக்கரம் கல்லை உரசிக்கொண்டு மேலே வந்து, அந்தப் பக்கம் ஓடிற்று. ஹாஷிம் பள்ளத்திலிருந்து கையை ஊன்றி ஏறி அதற்குப் பின்னால் ஓடினார்.

*

அவர்கள் போனபோது லயத்தின் மேல் கோடியில் இரண்டு காம்பராக்கள் பிடித்துவிட்டன. இராமையாவின் மனைவி இராக்கம்மா குழந்தையை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு, பதினைந்து பிள்ளைகளையும் ஓடைக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கால் மூன்றாவது காம்பராக் கூரையை அடித்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து ஆட்கள் தேயிலைச் செடிகளுக்கு இடையே விழுந்து எழுந்து ஓடி வந்தார்கள். இராமையா உறிஞ்சு குழாயை ஓடையில் இறக்கிவிட்டு, முதலில் வந்த பன்னிரண்டு பேரைக் கைப்பிடிக்குத் தள்ளினான். முதலாளிகள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் விலகினார்கள்.

"முருகையாண்ணே, கொம்பப் போட்டுட்டுத் தப்ப எடுங்க."

முருகையா ஐம்பது வயது ஆள். காலையில் கொம்பு ஊதுவார். திருவிழாவில் தப்பு அடிப்பார். தோல் காய்ந்து விறைத்திருந்த தப்பு முதல் அடியிலேயே கணீரென்றது. அடிக்கு ஓர் அமுக்கு. ஒரு பக்கம் ஆறு முதுகும் ஒன்றாகக் குனிய, மறுபக்கம் ஆறும் ஒன்றாக நிமிர்ந்தன. குழாய் உப்பிற்று, ஈயக் காப்புகள் வெயிலில் மின்னின. ஜுனைதீனின் கையிலிருந்து தண்ணீர் ஒரே கம்பியாக எழுந்து, லயத்தின் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

"கீழ, நானா, கீழ புடிங்க. மானத்துக்கா நெருப்புப் புடிச்சிருக்கு?" என்றாள் இராக்கம்மா.

கம்பி கீழே இறங்கிக் கூரையைப் பிடித்தது. கூட்டம் கத்திற்று. அந்தக் கத்தலுக்குள் பதினோராவது காப்பு பிய்ந்தது. தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்ச, கம்பி தளர்ந்தது. மாவுச் சாக்குகளை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்திருந்த நளீரா, ஒரு சாக்கை அந்த இடத்தில் சுற்றி அதன் மேலேயே உட்கார்ந்தாள். போதவில்லை. இராக்கம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் கீழே குழாய் உயிருள்ளதுபோல் உதைத்தது.

"ரஸ்குப் பாணு நல்லா இருந்துச்சுங்கம்மா," என்றாள் இராக்கம்மா, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமலே.

"நாளைக்கு இன்னம் கொஞ்சம் தாரேன். அசையாம இரு."

நாலரை மணிக்கு நெருப்பு அடங்கியது. பன்னிரண்டு காம்பராவில் இரண்டு போயிற்று. பிள்ளைகளை ஓடையிலிருந்து எண்ணி எண்ணி ஏற்றினார்கள். மூன்று தடவை எண்ணினார்கள். மூன்று தடவையும் பதினைந்து.

சபைத் துரை பரீட்சை நேரம் தாண்டியும் போகவில்லை. தோட்டத்துத் துரையோடு குதிரை மேலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். கிளாக்கர் இறங்கி வந்தார்.

"நன்றாக அணைத்தீர்கள். ஆனால் கடுதாசியில் இருப்பது போறணைக் கூரை. துரை அதைப் பார்க்காமல் எழுத முடியாது. இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் நிற்பதாகச் சொல்கிறார்."

ஹாஷிம் பம்பைப் பார்த்தார். ஏற்றம் அரை மைல். கடைக்காரர்களில் பாதிப் பேர் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் இராமையா கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுவிட்டான்.

"என்னண்ணே நிக்கறீங்க, அடிங்க," என்றான் முருகையாவிடம்.

எண்பது பேர் இழுத்தார்கள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பெண்கள் பின்னால் தள்ளினார்கள். தப்பு முன்னால் போயிற்று. போக்குக் கல்லை எப்போது தாண்டினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் இராமையா பதினோராவது காப்பைத் திரும்பச் சுற்றி, போறணையில் செருகியிருந்த கோலை எடுத்துப் பத்தவைத்தான். பன்னிரண்டு பேர் கைப்பிடிக்கு நின்றார்கள். இந்தத் தடவை ஆறு பேர் தோட்டம், ஆறு பேர் கடைவீதி, வாஹித் உட்பட. தப்பு விழுந்தது.

தண்ணீர் உச்சியைத் தொட்டது. தொட்டதோடு நிற்கவில்லை. முகட்டுப் புல்லை ஒரு கட்டாகப் பெயர்த்து எறிந்துவிட்டு உள்ளே இறங்கிற்று. போறணைக்குள்ளிருந்து 'புஸ்' என்று வெள்ளை ஆவி கிளம்பி, ஓட்டை வழியே மேலே எழுந்தது. ஏழு வருஷ நெருப்பு.

"நிப்பாட்டுங்க நானா, என்ட மாவு," என்று உள்ளே ஓடிய நளீரா, நனைந்த மாவுத் தொட்டியோடு வெளியே வந்து, அதைத் தமையனின் காலடியில் வைத்தாள். தெரு சிரித்த சிரிப்பில் சபைத் துரையின் குதிரை இரண்டடி பின்வாங்கியது.

கிளாக்கர் குதிரைச் சேணத்தின் மேல் தாளை வைத்து எழுதினார்: உச்சியைத் தொட்டது, போறணை இருக்கலாம், கூரையைத் தகரமாக்க வேண்டும். அடுத்த வரியை எழுதாமல் நிமிர்ந்தார்.

"மூங்கில்மலைத் துரை மறுபடி பங்கு போடுவதாகச் சொல்கிறார். பம்பு எதுவரைக்கும் போகும் என்று எழுத வேண்டும். கடைவீதிக்காரர்கள் சொல்லுங்கள். எல்லை எது?"

மறுபடி எல்லாரும் ஹாஷிமைப் பார்த்தார்கள். கிழிந்த சட்டைக்குள் முதுகில் இரண்டு சாண் தோல் உரிந்திருந்தது. நளீரா அதில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"கொம்பு கேக்குற வரைக்குமெண்டு எழுதுங்க," என்றார் ஹாஷிம்.

"அது எத்தனை மைல்?"

ஹாஷிம் முருகையாவைப் பார்த்தார். முருகையா வாயைத் துடைத்துக்கொண்டு, கொம்பை எடுத்து மலைப்பக்கம் திருப்பி, கன்னம் உப்ப ஒரே மூச்சில் ஊதினார். சத்தம் கடைவீதியைத் தாண்டி, போக்கைத் தாண்டி, இன்னும் புகைந்துகொண்டிருந்த பத்தனையைத் தாண்டிப் போயிற்று. எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள்.

நமுனுகுலப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு கொம்பு பதில் ஊதிற்று.

கிளாக்கர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப அந்தத் தோட்டத்துத் துரையிட்டயும் பங்கு கேக்கணுமே, மச்சான்," என்றார் ஜுனைதீன்.